தச்சர் மகனும் நம் வீட்டுப் பிள்ளையும்



நமது ஆண்டவர் தாம் வளர்ந்த ஊராகிய நாசரேத்துக்குத் திரும்பி வந்து ஜெபக்கூடத்தில் போதித்தபோது, அவ்வூரார் முதலில் வியந்தார்கள். பிறகு முகம் சுளித்தார்கள். இவர் தச்சருடைய பிள்ளைதானே, இவருக்கு இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள் என அர்ச். மத்தேயு எழுதுகிறார். அர்ச். மாற்குவோ, ஊரார் ஆண்டவரையே தச்சர் என்று குறிப்பிட்டதாகச் சொல்லுகிறார். அவருடைய போதனையில் அவர்கள் ஒரு குற்றமும் காணவில்லை. அவருடைய கைகளைப் பார்த்தார்கள். உளியும் வாளும் பிடித்துக் காய்த்துப்போன கைகள். அதைப் பார்த்ததும் காதை அடைத்துக்கொண்டார்கள். மோட்சத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் முப்பது வயது மட்டும் பட்டறையில் வேலை செய்தது அவர்களுக்கு இழிவாகத் தோன்றியது.

இதைக் கேட்டு நாசரேத்தூரார்மேல் நாம் கோபங்கொள்ளுகிறோம். ஆனால் பிரியமானவர்களே, அந்த நாசரேத்து நம் தெருவிலும் இருக்கிறதே!

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வருகிற நாளை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் அதிகம் வாங்கின பிள்ளையின் வீட்டில் மிட்டாய் வழங்குகிறார்கள். குறைவாக வாங்கின பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. சில நாள் கழித்துச் சொந்தக்காரர் வந்து, "பையனை எதிலே சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், தகப்பனார் தலையைக் குனிந்துகொள்ளுகிறார். தாயார் குரலைத் தாழ்த்தி, "என்ன செய்வது? படிப்பு ஏறவில்லை. ஐ.டி.ஐ.யிலே போட்டிருக்கிறோம்" என்கிறார். பக்கத்தில் நிற்கிற பையன் அதைக் கேட்கிறான். தான் கற்கப்போகிற தொழில், படிக்க மாட்டாதவர்களைத் தள்ளிவிடும் இடம் என்று பெற்ற தாயின் வாயிலிருந்தே கற்றுக்கொள்ளுகிறான். அம்மா, அந்தப் பையனுடைய மனதில் அந்தச் சொல் எத்தனை வருஷம் தங்கும் என்று யோசித்தீர்களா?

பச்சைமலைமேல் இருக்கிற வீடுகளில் நடப்பது இன்னொரு விதம். துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக மலை ஏறிச் செங்காட்டுப்பட்டிப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். மானாவாரிக் காட்டில் மரவள்ளி, அங்கங்கே முந்திரி, பலா. கிழங்கு விலை ஏறினால் வீட்டில் விளக்கு, இறங்கினால் கடன். இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு, பையன் பத்தாவது முடித்த வேளையில், வேலைக்கு ஆள் பிடிக்கிறவன் வருகிறான். தூரத்து ஊரில் வேலை என்கிறான். சாப்பாடும் தங்குமிடமும் உண்டு என்கிறான். முன்பணமாக ஒரு கட்டு நோட்டைத் திண்ணையில் வைக்கிறான். அந்தப் பணம் கடன்காரனுக்குப் போய்விடுகிறது. பையன் லாரி ஏறிவிடுகிறான்.

பத்து வருஷம் கழித்து அவனைப் பாருங்கள். சுமை தூக்கியிருப்பான்; சிமெண்டு குழைத்திருப்பான்; பிறர் சொன்னதைச் செய்திருப்பான். இருபத்தைந்து வயதில் அவனிடம் கை இருக்கும், கைத்தொழில் இராது. முதுகு வலிக்கத் தொடங்கும் நாளில் அவனை அனுப்பிவிட்டு வேறொரு பையனைக் கூட்டி வருவார்கள். முன்பணம் வாங்கினபோது நாம் விற்றது அவனுடைய ஒரு வருஷத்து உழைப்பை மட்டுமா? அவன் கற்றிருக்க வேண்டிய தொழிலையும் அல்லவா விற்றுப்போட்டோம்!

வறுமையினால் அப்படிச் செய்கிறவர்களைக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. பசி எவ்வளவு கொடியது என்று அறிந்தவர்களுக்கு அவர்களைக் கடிந்து பேச வாய் வராது. ஆனால் வேறு வழி உண்டென்பதை அவர்களுக்குச் சொல்லாமல் மௌனமாயிருப்பது நமது குற்றம்.

தொழிலைப்பற்றி வேதம் என்ன சொல்லுகிறது? யாத்திராகமத்திலே, ஆசரிப்புக் கூடாரத்துக்கு வேண்டிய பொன் வேலை, வெண்கல வேலை, மர வேலை, கல் வேலை எல்லாம் செய்வதற்காகப் பெசலேல் என்பவனைச் சர்வேசுரன் பேர் சொல்லி அழைத்து, அவனைத் தம்முடைய ஆவியால் நிரப்பினார் என்று வாசிக்கிறோம். சீராக் ஆகமத்திலே கொல்லனும் குயவனும் தங்கள் வேலையில் கண்ணும் கருத்துமாக இருப்பதை விவரித்து, இவர்கள் இல்லாமல் ஒரு பட்டணமும் குடியிருக்க முடியாதென்றும், அவர்கள் செய்யும் தொழிலே அவர்களுடைய ஜெபம் என்றும் சொல்லியிருக்கிறது. அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்தில் அக்குவிலா, பிரிசில்லா என்ற தம்பதிகளோடு தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலால் ஜீவித்தார். புறஜாதிகளின் அப்போஸ்தலருடைய கையிலும் ஊசி குத்தின தழும்பு இருந்திருக்கும். பரிசுத்த தந்தை 12-ஆம் பத்திநாதர் 1955-ஆம் வருஷத்தில் மே மாதம் 1-ஆம் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தியதும் இந்தச் சத்தியத்தை நமக்கு நினைப்பூட்டத்தான்.

திருச்சபை இதைப் போதித்ததோடு நிற்கவில்லை, செய்தும் காட்டியது. இத்தாலி தேசத்தில் 1815-ல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்த அர்ச். ஜான் போஸ்கோ, படிக்கிற காலத்திலேயே தையற்காரரிடம் தையலும் கொல்லரிடம் இரும்பு வேலையும் பழகினவர். அவர் குருவானபின் தூரின் நகரத்துத் தெருக்களில் வேலை தேடி அலைகிற பையன்களைக் கண்டார். முதலில் அவர்களை நல்ல எசமானர்களிடம் வேலை பழகச் சேர்த்துவிட்டார். 1853-ஆம் வருஷம் முதல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கும் பட்டறையும் தையற் பட்டறையும் தொடங்கி, பின்பு புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு, இரும்பு வேலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

அவர் ஒரு பையனைத் தச்சரிடம் சேர்த்தபோது எழுதின உடன்படிக்கை ஒன்று இன்றும் பத்திரமாக இருக்கிறது. 1852-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 8-ஆம் தேதி, முத்திரைத்தாளில் எழுதப்பட்டது. எசமானர் பெயரும் சூசை. பையன் பெயரும் சூசை. அதில் கண்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். இரண்டு வருஷத்தில் தொழிலை முழுவதும் கற்றுக்கொடுக்க வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலைகளில் பையனை ஏவக் கூடாது. தவறினால் வாயால் திருத்தலாம். கை நீட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் கடன் திருநாட்களும் அவனுக்கு ஓய்வு. வருஷத்தில் 15 நாள் விடுமுறை. தொழில் கற்கக் கற்கக் கூலியும் படிப்படியாக உயர வேண்டும். பையனும் தன் பங்குக்குக் கீழ்ப்படிந்து மரியாதையாக நடந்து, கவனமாய்க் கற்க வேண்டும். தொழில் கற்பதை ஒரு அர்ச்சியசிஷ்டவர் எவ்வளவு பாரதூரமான காரியமாக எண்ணியிருந்தால் முத்திரைத்தாள் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பார்!

அவருடைய சபையார் 1906-ல் நமது தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். அதே காலத்தில் திருச்சிராப்பள்ளியில் சேசு சபைக் குருக்களின் ஆதரவில் அர்ச். சூசையப்பர் தொழிற்பள்ளியும் அதன் அச்சுக்கூடமும் விளங்கின. பழைய புஸ்தகங்களின் முதற்பக்கத்தில் அந்த அச்சுக்கூடத்தின் பெயரை இன்றும் பார்க்கலாம். 1918-ல் பெஸ் சுவாமியார் எழுதிய வீரமாமுனிவரின் சரித்திரம் அங்கேதான் அச்சானது. வீரமாமுனிவர் யார்? அர்ச். சூசையப்பரைக் காவிய நாயகராக்கித் தேம்பாவணி பாடினவர். ஒரு தச்சரைப் பற்றி 3,615 பாடல்கள் பாடின புலவரின் சரித்திரத்தை, அதே தச்சரின் பெயர் தாங்கிய தொழிற்பள்ளியின் அச்சுக்கூடம் அச்சிட்டுக் கொடுத்தது. எழுத்துக் கோத்தவர்களின் பெயர் அந்தப் புஸ்தகத்தில் இல்லை. அதனால் என்ன? நூறு வருஷத்துக்குப் பின்னும் அவர்களுடைய வேலை நிற்கிறது.

இப்போது நம் கண்முன் இருக்கிறதைப் பாருங்கள். பொன்மலை ரயில்வே பட்டறை 1928-ல் ஏற்பட்டது. அங்கே 2011-ஆம் வருஷத்தில் நீலகிரி மலை ரயிலுக்கென்று எண்ணெயால் எரியும் நீராவி எஞ்சின் ஒன்றைப் புதிதாகச் செய்து முடித்தார்கள். 2021-ல் நிலக்கரியால் ஓடும் எஞ்சினையும் செய்தார்கள். அந்த வகை எஞ்சின்கள் முதன்முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றை நம் திருச்சியில் செய்த கைகள் யாருடையவை? ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற தொழிலாளிகளுடையவை.

திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கியா தேசத்தின் உதவியோடு 1965-ல் தோன்றின பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையை அறியாதவர் நம்மில் இல்லை. அனல் மின் நிலையத்துக்கு வேண்டிய பெரிய கொதிகலன்கள் அங்கே உருவாகின்றன. கொதிகலன் என்றால் பானைபோல ஒன்றென்று எண்ணாதிருங்கள். மைல் கணக்கான குழாய்கள் அதற்குள்ளே ஓடுகின்றன. அந்தக் குழாய்களில் தண்ணீர் கடும் அழுத்தத்தில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் மின்சாரம் பிறக்கக் காரணமாகிறது. குழாயும் குழாயும் சேருகிற இடத்தை வெல்டர் பற்றவைக்கிறார். ஒரே ஒரு பற்றுவைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும்; ஆவி பீறிட்டு, மின் நிலையத்தையே நிறுத்த வேண்டி வரும்.

ஆகையால் பற்றவைத்த இடத்தைக் கண்ணால் பார்த்து விட்டுவிடுவதில்லை. எக்ஸ்ரே போன்ற கதிர்களால் படம் எடுத்து உள்ளே சோதிக்கிறார்கள். வெளியே வெள்ளிபோலப் பளபளக்கிற பற்றுவைப்பு உள்ளே பொள்ளலாக இருந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும். பிரியமானவர்களே, நமது ஆத்தும சோதனைக்கு இதைவிட நல்ல உவமை வேண்டுமா? பூசைக்கு வருகிறோம், செபமாலை சொல்லுகிறோம்; மேலே பளபளப்புக்குக் குறைவில்லை. சர்வேசுரன் உள்ளே படம் எடுத்தால் என்ன தெரியும்? ஒருவரும் பாராத இடத்தில் நேர்மையாக வேலை செய்யப் பழகின வெல்டர், பாவசங்கீர்த்தனத்துக்கு வரும்போது பாதி ஆயத்தமாகவே வருகிறான் என்று சொன்னால் மிகையாகாது.

இப்படிப்பட்ட தொழிலைக் கற்பதற்கு எங்கே போவது? நமது தேசத்தில் 1950-ல் தொடங்கின கைத்திறன் பயிற்சித் திட்டத்தின் வழியாகத்தான் ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையங்கள் வளர்ந்தன. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் ஆகிய தொழில்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேறினபின் இரண்டு வருஷப் பயிற்சி. வெல்டர், பிளம்பர் போன்றவற்றுக்கு ஒரு வருஷம். எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கும் சில தொழிற்பிரிவுகள் உண்டு. பெண் பிள்ளைகளும் சேரலாம். தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிள், சீருடை, பாடப்புத்தகம், பஸ் பாஸ் முதலியவையும் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்கு 2024-ல் தொடங்கின தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பெற வழியுண்டு. 71 அரசு நிலையங்களில் 2,877 கோடி ரூபாய் திட்டத்தால் புதுக் காலத்து இயந்திரங்களையும் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு வருஷத் தொழிற்பிரிவை முடித்தவன் விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரவும் வாய்ப்புண்டு. கதவு மூடிவிட்டதென்று ஏன் கலங்குகிறோம்?

பெற்றோரே, முதலாவது உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை தொழில் கற்கப் போகிறான் என்றால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். படிப்பு ஏறாதவன் என்ற சொல் இனி உங்கள் வீட்டில் கேட்கக் கூடாது. ஆண்டவருடைய வளர்ப்புத் தகப்பனாரின் வகுப்பிலே சேர்ந்திருக்கிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சேர்த்தபின் பாதியில் நிறுத்தாதீர்கள். கிழங்கு பிடுங்க ஆள் வேண்டுமென்று ஒரு மாதம், கலியாணம், காதுகுத்து என்று ஒரு வாரம் நிறுத்தினால், கற்றது கைவிட்டுப்போகும். வருகை குறைந்து பரீட்சைக்கும் தடை வரும். பாதி கற்ற தொழில் பாதி கட்டின வீடு, மழைக்கு உதவாது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கையில், பட்டறையில் வேலை என்றதும் ஜாதகத்தை மூடுகிறதுபோல முகத்தை மூடிக்கொள்ளுகிறவர்களே, தேவமாதாவுக்கு வாய்த்த மணவாளர் என்ன வேலை செய்தார் என்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிமாரே, தங்கைமாரே, இரண்டாவது உங்களுக்கு. பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு இரும்புத் துண்டையும் ஒரு அரத்தையும் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுவார்கள். காலையும் மாலையும் தேய்க்க வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். தேய்த்த முகத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார் ஆசிரியர். இடுக்கில் ஒளி தெரிந்தால், இன்னும் தேய் என்பார். இதற்காகவா வந்தோம் என்று தோன்றும். ஓடிப்போக மனம் வரும். ஓடாதே, தம்பி! ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கி அதில் ஒரு பங்கை வெர்னியரால் அளக்கிற பக்குவம் அந்த அரத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது. சேசு பாலகரும் சூசையப்பரிடம் முதல் நாளே மேசை செய்யவில்லை. பயிற்சி முடிந்ததும் அப்ரண்டிஸாகச் சேர முயற்சி செய். அதற்கென்று 1961-ல் சட்டமே இருக்கிறது. பொன்மலையிலும் திருவெறும்பூரிலும் அப்ரண்டிஸ்களை எடுக்கிறார்கள். சம்பளம் வந்தபின் குடியும் சூதும் உன் பக்கத்தில் வந்து உட்காரும், அவற்றுக்கு இடங்கொடாதே. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே.

பட்டறை வைத்திருக்கிறவர்களே, மூன்றாவது உங்களுக்கு. தொழில் பழக வந்த பையனை மூன்று வருஷம் டீ வாங்கவும் கூட்டிப் பெருக்கவும் வைத்துவிட்டு, தொழில் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லாதிருங்கள். ஸ்பேனரால் அடிக்கிற கையும் அசிங்கமாகப் பேசுகிற வாயும் ஞாயிறன்று தேவநற்கருணைக்கு எப்படி நீளும்? 1852-ல் எழுதின அந்த உடன்படிக்கையை உங்கள் பட்டறைச் சுவரில் எழுதிவைத்ததுபோல நடந்துகொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கொடாமல் வெல்டிங் வேலைக்கு ஒரு பையனை ஏவுகிறவன், அவனுடைய கண்ணுக்கு நடுத்தீர்வை நாளில் கணக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக நம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மலைப் பிள்ளைகளுக்குப் பெரிய தடை தூரந்தான். பயிற்சி நிலையம் கீழே, வீடு மேலே. தினம் போய்வர முடியாது. விடுதியில் இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காதவன் என்ன செய்வான்? லாரிக்காரனோடு போய்விடுவான். துறையூரிலும் திருச்சியிலும் வீடு உடைய அன்பர்களே, ஒரு பிள்ளை இரண்டு வருஷம் படுத்தெழும்ப உங்கள் வீட்டில் ஒரு மூலை இல்லையா? இரண்டு கவளம் சோறு இல்லையா? அவன் நம் வேதத்தைச் சேர்ந்தவனா என்று கேளாதிருங்கள். எகிப்து தேசத்துக்கு ஓடிப்போன திருக்குடும்பத்துக்கு இடங்கொடுத்தவர்கள் யாராவது அப்படிக் கேட்டிருப்பார்களா? இடம் கொடுக்க முடியாதவர்கள் இன்னொன்று செய்யலாம். பத்தாவது முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இந்த வாரமே போய், மேலே சொன்ன விவரங்களை எடுத்துச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதக் கூட இருங்கள். முன்பணக்காரன் திண்ணை ஏறுவதற்கு முன்னே நீங்கள் ஏறுங்கள்.

நாசரேத்தூரார் தச்சர் மகனைத் தள்ளிவிட்டார்கள்; அதனால் அந்த ஊரிலே ஆண்டவர் அதிகம் புதுமைகள் செய்யவில்லை என்று வாசிக்கிறோம். உழைக்கிற கையை இகழுகிற இடத்தில் தேவ வரப்பிரசாதம் தங்காது. நமது பங்கு அப்படிப்பட்ட நாசரேத்தாக வேண்டாம்.

தொழிலாளரான அர்ச். சூசையப்பரே, எங்கள் பிள்ளைகளின் கைகளுக்குத் திறமையையும் இருதயத்துக்கு நேர்மையையும் பெற்றுத்தாரும். பாதியில் மனம் சோர்கிறவர்களைத் தாங்கியருளும். பச்சைமலையின்மேலும் அடிவாரத்திலும் வாழுகிற ஏழைக் குடும்பங்களை உமது பட்டறையின் நிழலில் வைத்துக் காத்தருளும்.

ஆமென்.